விண்மீன் கொத்தின் வேதிக்கலவையை அளக்கப் போகிறீர்களா? முதலில் சூரியனை அளந்துவிட்டு வாருங்கள்

எம்67 என்ற திறந்த விண்மீன் கொத்தில் ஆறே ஆறு விண்மீன்களின் இரும்பு அளவைக் கண்டுபிடிக்க எனக்கு 14 மாதம் பிடித்தது. பகலில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, இரவில் பகுதிநேர முதுகலை. வேலைப்பளுதான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அப்புறம் என் குறிப்பேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தால் உருப்படியான வேலை நான்கு மாதம்தான். மிச்சமெல்லாம் தவறான கோப்பு, தவறான அலகு, கேட்டு வாங்காமல் விட்ட கடிதம், யாராவது முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அசட்டுத்தனங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரி இயற்பியலும் கொஞ்சம் பைத்தானும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். எந்தக் கோடு எந்தத் தனிமத்துடையது, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதிலிருந்து அந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். விடை சூரியனோடு ஒப்பிட்டு மடக்கை அளவில் வரும், அதை டெக்ஸ் என்பார்கள். பூஜ்யம் என்றால் சூரியன் மாதிரியே. 0.3 என்றால் இரண்டு மடங்கு, 0.1 என்றால் கால் பங்கு கூடுதல்.

1. தொலைநோக்கி வாங்கக் கிளம்பாதீர்கள்

பணத்தைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஒளியை நிறமாலையாகப் பிரிக்க தொலைநோக்கியில் மாட்டும் சிறிய கீற்றணி வடிகட்டியை வாங்கிவிட்டால் போதும் என்று நானும் நினைத்தேன். அதன் பிரிதிறன், அதாவது நெருங்கி நிற்கும் கோடுகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன், சில நூறைத் தாண்டாது. இந்த வேலைக்கு 40,000 வேண்டும், குறைந்தது 25,000 ஆவது வேண்டும். பினாங்கின் மழையும் விளக்கு வெளிச்சமும் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டமும் வேறு இருக்கின்றன. பெரிய ஆய்வகங்கள் எடுத்த நிறமாலைகள் இலவசமாகக் கிடக்கின்றன, நாம் அதைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

எனக்கு உண்மையில் ஆன செலவு: பழைய மடிக்கணினி ஒன்றுக்கு 1,400 ரிங்கிட், ஒரு டெராபைட் வெளி வட்டுக்கு 200 ரிங்கிட்டைச் சுற்றி. அவ்வளவுதான். மென்பொருளுக்கு ஒரு காசு இல்லை. விண்டோஸில் மல்லுக்கட்டாமல் உபுண்டு போட்டுவிடுங்கள். இந்தத் துறையின் பழைய நிரல்கள் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை, லினக்ஸில்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

2. சாதுவான கொத்தாகப் பாருங்கள்

கார்த்திகைக் கூட்டம்தான் எல்லாருக்கும் தெரிந்த கொத்து, அதனாலேயே புதியவர்கள் அதில் போய் விழுகிறார்கள். அதற்கு வயது 12 கோடி ஆண்டைச் சுற்றித்தான், இளசு. அதன் விண்மீன்களில் பல வேகமாகச் சுழல்வதால் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும், மேற்பரப்பில் புள்ளிகளும் அதிகம். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

எம்67 வயது ஏறக்குறைய 400 கோடி ஆண்டு, தூரம் 2,800 ஒளியாண்டு அளவு. தூசி குறைவு, விண்மீன்கள் நிதானமாகச் சுழல்கின்றன. எல்லாவற்றையும் விட முக்கியம், அதன் இரும்பு அளவு கிட்டத்தட்ட சூரியனுடையதே என்று பல குழுக்கள் ஏற்கெனவே காட்டிவிட்டன. விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பழகுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: பூசத்துக்குத் தெற்கே எட்டுப் பாகை. தைப்பூசத்தன்று முழுநிலா நிற்கும் பக்கம்தான். தண்ணீர்மலையில் அண்ணாந்து பார்த்தால் நடு இரவில் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்திருக்கும், ஆனால் அன்றைக்கு நிலா வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

3. யார் கொத்தைச் சேர்ந்தவர், யார் வழிப்போக்கர்

ரோகிணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி இங்கிலீஷ் 'வி' வடிவில் தெரியும் ஹயாடீஸ் கொத்து 150 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, ரோகிணியோ 65 ஒளியாண்டில். நடுவில் நிற்பதால் குடும்பத்துக்காரர் மாதிரித் தெரிகிறது, சொந்தமே கிடையாது. எம்67 இலும் இப்படி நிறையப் பேர் குறுக்கே நிற்பார்கள்.

விண்மீன்களின் தூரத்தையும் அசைவையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு 2022 ஜூனில் வந்தது. அதன் தரவகத்தில் கணக்கே திறக்காமலும் தேடலாம், ஆனால் இலவசக் கணக்கு இருந்தால் தேடல் முடிவுகளைச் சேமித்து வைக்கலாம். கொத்தின் மையத்திலிருந்து அரைப் பாகைக்குள் தேடி மூன்று சல்லடை போடுங்கள். தூரத்தைச் சொல்லும் இடமாறு தோற்றம் 1.15 மில்லி ஆர்க்நொடியை ஒட்டி இருக்க வேண்டும். தனி இயக்கம், அதாவது வானத்தில் விண்மீன் நகரும் அளவு, ஆண்டுக்குக் கிழக்கு மேற்காக −11.0, வடக்கு தெற்காக −2.9 மில்லி ஆர்க்நொடி, இரண்டிலும் ஒன்று முன்பின். பார்வைக்கோட்டு வேகம், அதாவது நம்மைவிட்டு விலகும் வேகம், நொடிக்கு 34 கிலோமீட்டரை ஒட்டி. இந்தக் கொத்துக்குள் வேகச் சிதறல் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஏதாவது ஒரு விண்மீனின் வேகம் ஐந்தாறு கிலோமீட்டர் விலகியிருந்தால் அது வெளியாள், இல்லையென்றால் இரட்டை விண்மீன். இரண்டும் நமக்கு வேண்டாம். கையா தரும் பொருத்தத் தர எண் (RUWE) 1.4 க்கு மேல் போனாலும் இரட்டை என்று சந்தேகித்து ஒதுக்குங்கள்.

பட்டியலை டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் திறங்கள். எக்செல்லில் திறக்காதீர்கள். கையாவின் அடையாள எண்கள் 19 இலக்கம் வரை போகும், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, கடைசி இலக்கங்களைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். நான் சேமித்த கோப்பில் இருந்த எண்கள் வானத்தில் எந்த விண்மீனுக்கும் சொந்தமில்லை. கண்டுபிடிக்க இரண்டு வாரம்.

நிறம்–ஒளி வரைபடம் போட்டு, நீலப்பக்கம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பவற்றை விட்டுவிடுங்கள். பக்கத்து விண்மீனின் பொருளை வாங்கியோ அதோடு இணைந்தோ இளமை காட்டுபவை அவை. முதல் முறைக்கு 4,700 கெல்வின் அளவுள்ள செம்பெருமீன்கள், அதாவது வயதாகி ஊதிக் குளிர்ந்த விண்மீன்கள், ஆறு போதும். பிரகாசமானவை என்பதால் தரவகத்தில் நல்ல நிறமாலை கிடைக்கும். சூரியனைப் போன்ற விண்மீன்களும் இங்கே உண்டு, ஆனால் அவை ஒளியளவு 14 ஐத் தாண்டியவை (இந்த எண் கூடக் கூட மங்கல்), கோப்பைத் திறந்தால் இரைச்சல்தான்.

4. நிறமாலையை இறக்குவதும் காகித வேலையும்

ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் தரவகம்தான் முதல் இடம். உவெஸ், ஃபெரோஸ், ஹார்ப்ஸ் என்ற மூன்று கருவிகளின் பெயரையும் கொத்தின் பெயரையும் கொடுத்துத் தேடுங்கள். எடுத்தவருக்குப் பொதுவாக ஓராண்டு தனியுரிமை, அது முடிந்ததும் எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். மூலக் கோப்பை எடுக்காதீர்கள், சீரமைக்கப்பட்ட கோப்பாகக் கேளுங்கள். மூலக் கோப்பைச் சீரமைப்பது தனி ஒரு ஆறு மாதக் கதை. சமிக்ஞை–இரைச்சல் விகிதம் 100 க்குக் கீழ் இருப்பதை ஒதுக்கிவிடுங்கள்.

இறக்கும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் அதன் நோக்குத் திட்ட எண்ணை எழுதி வையுங்கள். ஆய்வேட்டில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது தரவகத்தின் நிபந்தனை. கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

நிறமாலைக் கோடுகளின் அணுத் தரவுக்கு வால்டு என்ற தளம் இருக்கிறது. அதில் மின்னஞ்சலைப் பதிவு செய்ய வேண்டும், நீங்கள் கேட்ட கோட்டுப் பட்டியலும் அந்த மின்னஞ்சல் வழியாகத்தான் வரும். எந்த மின்னஞ்சலைக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். நான் என் கல்வி நிறுவன முகவரியைக் கொடுத்தேன், ஒரு பருவக் கட்டணம் நான்கு நாள் தாமதமானதும் அதை முடக்கிவிட்டார்கள். மறுபடி திறக்கப் படிவம், மேற்பார்வையாளர் கையெழுத்து, பருவப் பதிவுச் சீட்டின் நகல் என்று மூன்று வாரம் போயிற்று. பகுதிநேர மாணவர்கள் பருவத் தொடக்கத்திலேயே மாணவர் உறுதிக் கடிதம் ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கணிப்புக்கு ஐஸ்பெக் என்ற பைத்தான் மென்பொருளைச் சிபாரிசு செய்கிறேன். மூக் போன்ற பழைய கணிப்பு நிரல்களை அது உள்ளே வைத்தே இயக்கும். மூக்கைத் தனியாக நிறுவப் போனால் கட்டணமுள்ள வரைபட மென்பொருள் ஒன்றைக் கேட்கும், யாரும் வாங்கிவிடாதீர்கள். வரைபடம் போடாத மௌனப் பதிப்பு ஒன்று உண்டு, அதற்கு அது தேவையில்லை.

இந்தப் படி மொத்தமும் காகிதங்கள் தயாராக இருந்தால் இரண்டு வாரம்.

5. கொத்தைத் தொடுமுன் சூரியனை அளங்கள்

மேற்பார்வையாளர் இதைச் சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. வேறு எதைத் தாண்டினாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

கொத்துக்குப் பயன்படுத்தும் அதே கருவியில் எடுத்த சூரிய நிறமாலை ஒன்றைத் தேடுங்கள். கருவி சூரியனையா பார்த்திருக்கும் என்று கேட்காதீர்கள். நிலாவிலோ வெஸ்டா, சீரீஸ் போன்ற சிறுகோள்களிலோ பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சூரிய வெளிச்சம்தானே. அப்படி எடுத்தவை தரவகத்தில் உண்டு. அதை யாரோ முன்பின் தெரியாத விண்மீன் என்று நினைத்துக்கொண்டு, கீழே சொல்லும் எல்லாப் படிகளையும் அதற்குச் செய்யுங்கள். வெப்பநிலை 5,772 கெல்வின், மேற்பரப்பு ஈர்ப்பின் மடக்கை 4.44, நுண் கொந்தளிப்பு (விண்மீனின் வளிமண்டல வாயு சிறு அளவில் அலைபாயும் வேகம்) நொடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவு, இரும்பு பூஜ்யம். இதற்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 50 கெல்வின், 0.03 டெக்ஸ் விலகினால் பரவாயில்லை. 200 கெல்வின் விலகினால் உங்கள் வழிமுறையில் ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டையோடு கொத்துக்குப் போனால் அது விண்மீனின் குணமா உங்கள் தவறா என்று கடைசி வரை தெரியாது.

இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் அணு எவ்வளவு எளிதில் ஒளியை உறிஞ்சும் என்று ஒரு எண் வேண்டும், அந்த எண்களில் பல துல்லியமில்லாதவை. அதே கோட்டைச் சூரியனிலும் அளந்து, கோட்டுக்குக் கோடு கழித்துவிட்டால் அந்தப் பிழை பெருமளவு அடிபட்டுப் போகும். நான் கழிக்காமல் அச்சில் வந்த சூரிய மதிப்பை எடுத்து ஒட்டினேன். அதிலும் ஒரு நிரலில் சூரியனின் இரும்பு (ஹைட்ரஜனை 12 என்று வைக்கும் மடக்கை அளவில்) 7.45, இன்னொன்றில் 7.50. முதலாவது 2005 பட்டியல், இரண்டாவது 2009 பட்டியல். 0.05 டெக்ஸ் சும்மா முளைத்தது, அதற்கு நான் இரண்டு பக்கம் விளக்கம்கூட எழுதிவிட்டேன்!

நீங்கள் செம்பெருமீன்களை அளப்பதால் சுவாதியையும் ஒரு முறை அளந்து பாருங்கள், அதாவது ஆர்க்டூரஸ். 4,290 கெல்வின் அளவு, இரும்பு −0.5 டெக்ஸ். சூரியன் சரியாக வந்து சுவாதி தவறினால் கோளாறு குளிர்ந்த விண்மீன்களைக் கையாளும் விதத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஐஸ்பெக்கை எழுதியவர்களே இந்த இரண்டையும் சேர்த்து ஒரு மாதிரி விண்மீன் நிறமாலைத் தொகுப்பை வெளியிட்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு முழு மாதம் ஒதுக்குங்கள்.

6. அலைநீளத்தை நேராக்குங்கள்

மூன்று பொறி. முதலாவது அலகு: ஐஸ்பெக் நானோமீட்டரில் பேசும், கோட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்ஸ்ட்ராமில். இது உடனே தெரிந்துவிடும், பயமில்லை.

இரண்டாவது, காற்றா வெற்றிடமா என்பது. ஒளியின் அலைநீளம் காற்றில் கொஞ்சம் குறையும். 6,000 ஆங்ஸ்ட்ராமில் வித்தியாசம் 1.66 ஆங்ஸ்ட்ராம், வேகமாக மாற்றினால் நொடிக்கு 83 கிலோமீட்டர். என் கோப்புகளில் இரண்டு வேறொரு தரவகத்திலிருந்து வந்தவை, அவை வெற்றிட அலைநீளத்தில் இருந்தன. அந்த விண்மீன்களின் வேகம் 117 என்று வந்தது. கொத்தைவிட்டு ஓடும் விண்மீன் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம், மாமாக் கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து நண்பர்களிடம் சொல்லியும்விட்டேன். 117 இல் 83 போனால் 34. கொத்தின் வேகம்! ஒழுங்கான உறுப்பினர்கள் இரண்டு பேரை வெளியே தள்ளியிருந்தேன்.

மூன்றாவது, பூமியின் ஓட்டம். நாம் சூரியனைச் சுற்றுவதால் நொடிக்கு 30 கிலோமீட்டர் வரை கூடும் குறையும். சில கோப்புகளில் இதைத் திருத்தியே வைத்திருப்பார்கள், சிலவற்றில் இல்லை. நீங்கள் இறக்கிய ஃபிட்ஸ் (வானியல் தரவு வடிவம்) கோப்பின் தலைப்புப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள், இரண்டு முறை திருத்திவிடாதீர்கள்.

7. கோடுகளை அளங்கள்

ஒரு கோட்டின் பரப்பை, கோடில்லாத மட்டத்திலிருந்து பூஜ்யம் வரை உயரமுள்ள, அதே பரப்புள்ள செவ்வகமாக மாற்றினால் வரும் அகலம்தான் சமான அகலம். 6151.62 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் இரும்புக் கோடு சூரியனில் 50 மில்லி ஆங்ஸ்ட்ராம் அளவு வரும், கை பழக இதில் தொடங்குங்கள். 10 க்குக் கீழே இரைச்சல், 120 க்கு மேலே கோடு நிறைந்துபோய்த் தனிமம் கூடினாலும் ஆழம் அவ்வளவாகக் கூடாது. நடுவில் இருப்பதை எடுங்கள்.

கோட்டைவிட அதற்கு மேலே இருக்கும் மட்டம்தான் ஆளைக் கவிழ்க்கும். கோடே இல்லாவிட்டால் ஒளி எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று நாம் வரையும் கோடு அது. செம்பெருமீனில் கோடுகள் நெருக்கியடித்து நிற்பதால் உண்மையான மட்டம் எங்குமே தெரியாத மாதிரி இருக்கும், நம்மையறியாமல் கீழே வரைந்துவிடுவோம், எல்லாத் தனிமமும் குறைவாக வரும். மட்டத்தைத் தானியங்கியாகப் போட்டாலும் திரையில் பெரிதாக்கி ஒரு முறை கண்ணால் பாருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து இதைச் செய்யாதீர்கள்.

6,280 முதல் 6,320 ஆங்ஸ்ட்ராம் வரை நம் வளிமண்டல ஆக்சிஜனின் கோடுகள் புகுந்திருக்கும், சோடியத்தின் இரட்டைக் கோட்டைச் சுற்றி நீராவியின் கோடுகள். முதல் முறைக்கு அந்த இடங்களைத் தாண்டிவிடுங்கள்.

8. வெப்பநிலை, ஈர்ப்பு, கொந்தளிப்பு

இது மூன்று கால் முக்காலி, ஒரு காலை அசைத்தால் மற்ற இரண்டும் ஆடும்.

எளிதில் தூண்டப்படும் இரும்புக் கோடும் கடினமாகத் தூண்டப்படும் கோடும் ஒரே இரும்பு அளவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெப்பநிலை தவறு. மெல்லிய கோடும் வலுத்த கோடும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நுண் கொந்தளிப்பு தவறு. நடுநிலை இரும்பும் ஒரு மின்னணு இழந்த இரும்பும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஈர்ப்பு தவறு. ஒன்றைச் சரிசெய்து மற்றதைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து. நடுநிலை இரும்புக்கு நூறு கோடு எளிதாகக் கிடைக்கும், அயனி இரும்புக்குப் பத்துப் பதினைந்துதான். அதில் இரண்டு கோடு கலப்படமாக இருந்தால்கூட ஈர்ப்பு எங்கேயோ போய்விடும். ஆகவே அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நிரல் ஒரு விடையைத் துப்பியதும் நம்பிவிடாதீர்கள். கையா தூரம், பிரகாசம், நிறம் மூன்றையும் வைத்து வெப்பநிலையையும் ஈர்ப்பையும் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கொத்தில் எல்லாரும் ஒரே தூரம், ஒரே வயது என்பதால் இந்தச் சரிபார்ப்பு தனி விண்மீனைவிட இங்கே பலமாக இருக்கும். ஆறு விண்மீனுக்கு மாலை நேரத்தில் மட்டும் உட்கார்ந்தால் ஆறு வாரம்.

9. மற்ற தனிமங்கள்

சிலிக்கான், கால்சியம், டைட்டானியம், நிக்கல் எல்லாம் அமைதியானவை, அங்கே தொடங்குங்கள். மாங்கனீசு, கோபால்ட், செம்பு மூன்றின் கோடுகளும் அணுக்கருவின் காரணமாக உள்ளுக்குள் பல நுண்கோடுகளாகப் பிளந்தவை. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அளவு ஊதிப்போய் வரும். 7,770 ஆங்ஸ்ட்ராம் பக்கத்து ஆக்சிஜன் முக்கோட்டை வழக்கமான சமநிலைக் கணக்கில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

செம்பெருமீனில் கார்பன் குறைவாகவும் நைட்ரஜன் கூடுதலாகவும் வந்தால் பதறாதீர்கள். உள்ளே சமைந்தது மேலே கிளறி வந்துவிட்டது, கொத்து பிறந்தபோதே அப்படி இருந்தது என்று எழுதிவிடக்கூடாது. இதே காரணத்துக்காகச் செம்பெருமீனையும் சாதாரண விண்மீனையும் ஒரே சராசரியில் போடாதீர்கள். எம்67 இல் செம்பெருமீனாக மாறத் தொடங்கும் கட்டத்தில் நிற்பவற்றின் மேற்பரப்பில் இரும்பு 0.1 டெக்ஸ் அளவு குறைவாகத் தெரிவதை அளந்திருக்கிறார்கள், கனமான அணுக்கள் மெல்ல உள்ளே இறங்குவதால்.

10. பிழை, ஒப்பீடு, எழுதுவது

நிரல் தரும் பிழை 0.01 என்று அழகாக இருக்கும், அதை அப்படியே எழுதாதீர்கள். வெப்பநிலையை 100 கெல்வின் கூட்டி மறுபடி ஓட்டுங்கள், பிறகு ஈர்ப்பு, பிறகு கொந்தளிப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றி இரும்பு எவ்வளவு நகர்கிறது என்று அட்டவணை போடுங்கள். தேர்வாளர்கள் முதலில் புரட்டுவது அந்த அட்டவணையைத்தான். ஒரே மேகத்திலிருந்து பிறந்தவை என்பதால் உங்கள் ஆறு செம்பெருமீன்களும் ஏறக்குறைய ஒரே விடை தர வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள சிதறல், நிரல் சொல்லும் எண்ணைவிட நேர்மையான பிழை. எனக்கு 0.04 வந்தது.

பிறகு ஏபோகீ, கேலா ஆகிய விண்மீன் நிறமாலைக் கணக்கெடுப்புகளின் மதிப்புகளோடு ஒப்பிடுங்கள், இரண்டும் இலவசம். ஏபோகீ அகச்சிவப்பில் அளக்கிறது, அதன் முழு அட்டவணை பல ஜிகாபைட், வீட்டு இணையம் மெதுவென்றால் இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அவர்கள் எண்ணை நோக்கி உங்கள் மட்டத்தை நகர்த்தும் ஆசை வரும். வேண்டாம், வித்தியாசத்தை வித்தியாசமாகவே எழுதுங்கள்.

கட்டுரையாக வெளியிட எண்ணினால் பணத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். பிரிட்டனின் பழைய வானியல் இதழ் ஒன்று 2024 இலிருந்து முழுவதும் திறந்த அணுக்கத்துக்கு (யாரும் இலவசமாகப் படிக்கும் முறைக்கு) மாறி எழுதுபவரிடம் கட்டணம் கேட்கிறது, ரிங்கிட்டில் மாற்றினால் பகுதிநேர மாணவர் தாங்க முடியாது. கட்டணத் தள்ளுபடி கேட்க வழி உண்டா என்று அனுப்புவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். ஆர்க்கைவ் முன்பதிப்புத் தளத்தில் போட ஒரு காசும் இல்லை, ஆனால் முதல்முறை போடுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதிய ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம். மேற்பார்வையாளர் விடுப்பில் போகும் மாதம் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது. வரைவு பாதி ஆகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.